நிறுத்தாத வண்டி

பிரிசில்லா கார் ஓட்டக் கற்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பியானோவுக்காகத்தான் கற்றாள். டிஜிட்டல் பியானோதான் என்றாலும், எண்பத்தெட்டுக் கட்டைகளும் இரும்புத் தாங்கியும் சேர்ந்தால் ஓர் ஆள் எடை வரும். அதைத் தூக்கிக்கொண்டு கடலூர் செம்மண்டலத்திலிருந்து ஒத்திகை நடக்கும் குடிகாட்டுக்கு பஸ்ஸில் போக முடியாது. பழைய கார் ஒன்றை வாங்கி, பின் சீட்டைப் பாதி மடித்து, பியானோவைச் சாய்த்து வைத்து, நாற்பதைத் தாண்டாமல் ஓட்டிப் போவாள். லாரி ஹாரன் அடித்தால் இடது ஓரத்தில் நிறுத்திவிடுவாள். மே மாதம் பள்ளி விடுமுறை என்பதால் அந்த வாரம் முழுவதும் தினமும் ஒத்திகை. சனிக்கிழமை சிதம்பரத்தில் கச்சேரி.

பியானோ, வயலின், பெரிய வயலின் மாதிரி காலிடுக்கில் நிறுத்தி வாசிக்கும் செல்லோ. மூன்றே பேர். கடலூர் மாவட்டத்தில் இப்படி ஒரு குழு இருக்கிறது என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் கல்யாண ஆர்கெஸ்ட்ரா என்றுதான் நினைப்பார்கள். இருநூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் வாசிப்பதற்காக எழுதிய இசை, மைக் கிடையாது, பாட்டு கிடையாது என்று பிரிசில்லா விளக்குவாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, "ஒரு சினிமா பாட்டாவது போடுவீங்கல்ல?" என்பார்கள்.

அவள் பியானோ கற்றது சர்ச்சில். அப்பா சர்ச்சுக்கு வேன் ஓட்டியவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வரை, ஒன்பது வயதுப் பெண் காலியான ஆலயத்தில் பியானோ முன்னால் உட்கார்ந்திருப்பாள். இப்போது அவளுக்கு முப்பத்தாறு. ஒரு பள்ளியில் மியூசிக் டீச்சர்.

வயலின் வாசிக்கும் பிரீதாவுக்கு இருபத்தாறு. சிதம்பரம் கீழவீதியில் வீடு. ஐந்து வயதிலிருந்து தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக் கர்நாடக சங்கீதம் வாசித்தவள். இருபது வயதில் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசைக்கு மாறினாள். அவளுடைய அப்பா பஞ்சநாதம், தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் அப்படி வாசிப்பதை முதன்முதலாகக் கேட்டுவிட்டு, "ஸ்வரத்தை அசைக்காம அப்படியே நிறுத்தி வெச்சுண்டிருக்கியே, அதுக்கு மூச்சு முட்டாதோ?" என்று கேட்டார். உண்மையில் மூச்சு முட்டுவது பிரீதாவுக்குத்தான். சின்ன வயதிலிருந்தே வீசிங். பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும்.

செல்லோ வாசிக்கும் செந்தமிழ்செல்வன் குடிகாட்டுக்காரன். அப்பா பழனிவேலின் வேர்க்கடலை விளைந்த நிலம் கெமிக்கல் கம்பெனிகளுக்குள் போய்விட்டது. மிஞ்சியது ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு கான்கிரீட் வீடு. செல்வன் இருபது வயதில் சென்னைக்குப் போய், ரெக்கார்டிங் தியேட்டர்களுக்கு வாத்தியங்களை ஏற்றிச் செல்லும் வேனை ஓட்டினான். யாருக்கும் வேண்டாமல் வேனிலேயே கிடந்த, வயிறு விரிசல் விட்ட செல்லோ ஒன்றை ஒட்டவைத்து, கண்ணில் பட்ட கலைஞர்களையெல்லாம் கேட்டுக் கேட்டு வாசிக்கப் பழகினான். ஏழாவது வருடம் அந்தத் தியேட்டர்களில் ஒன்றில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தான். பழனிவேல் இறந்த பிறகு அம்மாவுக்காக ஊருக்கு வந்துவிட்டான்.

செம்மண்டலத்தில் பிரிசில்லாவின் வீட்டில் ஒத்திகை பார்த்தால் மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். கீழவீதி வீட்டில் இடமில்லை. அதனால்தான் குடிகாடு. அங்கே யாரும் சத்தம் போடாதீர்கள் என்று சொன்னதில்லை. நாற்றம்தான் உண்டு. ஒருநாள் அழுகிய முட்டை, ஒருநாள் நகப்பூச்சு, ஒருநாள் வெந்த முட்டைக்கோஸ். முதல் மாதம் பிரிசில்லா கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வந்தாள். பிறகு பழகிவிட்டது.

வியாழக்கிழமை பதினொரு மணி இருக்கும். மெதுவான இரண்டாம் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தார்கள். செல்வனின் அம்மா மாரியம்மாள் கொல்லைப் பக்கத்திலிருந்து முந்தானையால் வாயைப் பொத்தியபடி உள்ளே வந்தாள்.

"டேய் தம்பி, நிறுத்து. இது எப்பவும் வர்ற நாத்தம் இல்ல. கண்ணு எரியுது."

செல்வன் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்தான். அப்போதுதான் எல்லோருக்கும் கம்பெனிச் சங்கு கேட்டது. ஷிப்ட் சங்கு ஒரே மூச்சில் ஊதி நின்றுவிடும். இது நிற்கவில்லை.

செல்வன் வாசலுக்குப் போய்த் தெற்கே பார்த்தான். பிரிசில்லாவும் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கம்பெனி மதிலுக்கு அந்தப் பக்கம், பனைமரங்களின் இடுப்பளவு உயரத்தில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. புகை மேலே போகும். இது மேலே போகவில்லை. தரையோடு தரையாக, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

"தென்காத்து அடிக்குது. நேரா நம்ம பக்கம்தான் வரும்," என்றான் செல்வன். அவன் குரல் தணிந்துபோயிருந்ததே பிரிசில்லாவைப் பயமுறுத்தியது. "டீச்சர், பியானோ கெடக்கட்டும். பிரீதாவ வண்டியில ஏத்துங்க. ரோட்டப் பாக்கத் திருப்பி வையுங்க. நான் அம்மாவக் கூட்டியாறேன். எம்மா! எங்கம்மா போற?"

"ஆட்ட அவுத்து விட்டுட்டு வந்துடறேன். கட்டிக் கெடந்தா செத்துடும்டா," என்று சொல்லியபடி மாரியம்மாள் கொல்லைக்கு ஓடினாள். செல்வன் அவள் பின்னால் ஓடினான்.

பிரிசில்லா பிரீதாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்கு வந்தாள். பிரீதா ஏற்கெனவே இருமத் தொடங்கியிருந்தாள். வயலினை விடாமல் மார்போடு அணைத்திருந்தாள். அவளைப் பின் சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடிகளை ஏற்றினாள். சாவியைத் திருகினாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. மறுபடி திருகினாள். மறுபடி அணைந்தது. மூன்றாவது முறை பிடித்தது. முன்னும் பின்னுமாக நான்கு தடவை ஒடித்து வண்டியை ரோட்டைப் பார்க்கத் திருப்பினாள்.

இரண்டு பேரும் வரவில்லை.

பக்கத்துத் தெருவிலிருந்து பைக்குகள் போயின. ஒரு பைக்கில் நான்கு பேர். ஓர் அம்மாள் ஈரத்துண்டைக் குழந்தையின் முகத்தில் போர்த்திக்கொண்டு ஓடினாள். காருக்குள்ளேயே கண் எரிந்தது. தொண்டையில் மிளகாய் வறுத்த காரம். பின் சீட்டில் பிரீதா இன்ஹேலரை அழுத்தும் சத்தம் கேட்டது. ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. அதற்குப் பிறகு இருமல் கூட வரவில்லை. உள்ளே இழுக்கும் காற்று கிரீச்சிட்டது.

"பிரீதா, மெதுவா இழு. இதோ வந்துடுவாங்க. இதோ."

மதிலோரம் நின்ற பனைகளின் அடிமரம் தெரியாமல் போனது. பிறகு வீட்டின் கொல்லைப்புற மோட்டார் அறை தெரியாமல் போனது. பின்னாலிருந்து பிரீதா டிரைவர் சீட்டைத் தட்டினாள். தட், தட், தட். பிரிசில்லாவின் முதுகில் அது விழுந்தது.

அவள் கிளட்சை விட்டாள். வண்டி நகர்ந்தது.

அப்போது கண்ணாடியில் பார்த்தாள். வீட்டின் பக்கச் சந்திலிருந்து செல்வன் வந்தான். ஒரு கையில் அம்மாவை அணைத்துப் பிடித்திருந்தான். இன்னொரு கையைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தான். வாய் திறந்திருந்தது. முப்பதடி இருக்கும். அவர்களுக்குப் பின்னால் எல்லாமே வெள்ளை.

பிரேக் எது என்று பிரிசில்லாவுக்குத் தெரியும். கால் அங்கே போகவில்லை. ஆக்சிலேட்டரில் போய் அழுந்தியது.

அதற்குப் பிறகு அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எழுபதில் போனாள், எண்பதில் போனாள். லாரியை இடப்பக்கமாக முந்தினாள். "கர்த்தாவே, கர்த்தாவே" என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. என்ன கேட்பதற்காகக் கூப்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரீதாவை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஆக்சிஜன் மாட்டினார்கள். உதடு நீலமாக இருந்தது. நர்ஸ் பிரிசில்லாவின் கண்ணில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாள். "இன்னும் யாராச்சும் உங்ககூட வந்தாங்களா?" என்று கேட்டாள்.

"வர்றாங்க," என்றாள் பிரிசில்லா. "பின்னாடி வர்றாங்க."

வெளியே வந்து மரத்தடியில் நிறுத்தியிருந்த காரில் உட்கார்ந்து செல்வனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. காருக்குள்ளேயே அடித்தது. பக்கத்து சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில், காலையில் சார்ஜ் போடுவதற்காக அவன் வைத்துவிட்டுப் போன போன் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. திரையில் 'டீச்சர்' என்று வந்தது. அவள் கட் பண்ணவில்லை. தானாக நிற்கும் வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு வாசலில் போய் நின்றாள். ஒவ்வொரு ஆம்புலன்ஸ் வந்தபோதும் எட்டிப் பார்த்தாள். முதல் வண்டியில் இரண்டு தொழிலாளர்கள். அடுத்ததில் ஒரு கிழவரும் பேரனும். அடுத்ததில் நீலச் சேலை. மாரியம்மாள் என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. காலையில் அவள் கொடுத்த மோர் நினைவுக்கு வந்தது. டம்ளர் நினைவுக்கு வந்தது. சேலை வரவில்லை. முகம் துணியால் மூடிய ஸ்ட்ரெச்சர் ஒன்று வந்தபோது பிரிசில்லா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். துணிக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டதும்தான் எழுந்து நின்றாள்.

இரண்டரை மணிக்குப் பஞ்சநாதம் வந்தார். ரோட்டை மறித்துவிட்டதால் வடலூர் சுற்றி வந்திருந்தார். மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், பிரிசில்லாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் சொன்னார். இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா கஷ்டம்னு சொன்னார். எங்காத்துப் பொண்ணைக் காப்பாத்திக் குடுத்திருக்கேள்."

"சார், விடுங்க சார்," என்றாள். கைகளை இழுத்துக்கொண்டாள். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு மறுபடி கும்பிட்டார்.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. லுங்கி கட்டிய ஒருவர் முதலில் இறங்கினார். அடுத்து செல்வன் இறங்கி அம்மாவைத் தூக்கிக்கொண்டான். மாரியம்மாளின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. பச்சைச் சேலை இடுப்பு வரை சேறாக இருந்தது. பிரிசில்லா அவர்களை நோக்கி இரண்டடி வைத்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

லுங்கிக்காரர் தேவனாம்பட்டினத்து மீனவர், பெயர் அன்பரசு. அவர்தான் டாக்டரிடம் சொன்னார். "ரோட்டுல ஓடுனா காத்துகூடவே ஓடணும் சார். இவரு புத்திசாலி, சவுக்குத் தோப்புல பூந்து கெழக்கால உப்பனாத்துக்கு வந்துட்டாரு. நான் போட்டுல இருந்தேன். கழுத்து வரைக்கும் தண்ணியில நின்னுக்கிட்டு அந்தம்மாவத் தோள்ல வச்சிருந்தாரு. தொறமுகத்துக்குக் கொண்டாந்து ஆட்டோவுல ஏத்துனேன்."

மாரியம்மாளை உள்ளே கொண்டுபோன பிறகு செல்வன் வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றான். கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"பிரீதா?"

"நல்லா இருக்கா. ஆக்சிஜன் வச்சிருக்காங்க."

தலையாட்டினான். பிறகு குரல் கரகரக்கக் கேட்டான்: "கண்ணாடியில எங்களப் பாத்தீங்களா டீச்சர்?"

இல்லை என்று சொல்லிவிடலாம். தூசி, புகை, தெரியவில்லை. யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

"பாத்தேன்," என்றாள்.

"நிறுத்தச் சொல்லிக் கத்துனேன்."

"தெரியும், செல்வா."

"சரி," என்றான். அவளிடமிருந்து தன் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

சனிக்கிழமைக் கச்சேரி தள்ளிப்போனது. டிவியில் ஒரு கம்பெனியில் வால்வு உடைந்ததாகச் சொன்னார்கள், உயிர்ச்சேதம் இல்லை என்றார்கள். நான்கு நாளில் ஊர்க்காரர்களைத் திரும்பி வரவிட்டார்கள். செல்வன் போன் செய்யவில்லை. பிரிசில்லாவும் செய்யவில்லை. அவளுக்கு வந்த பயம் புது மாதிரியானதாக இருந்தது. போன் அடித்தால் பயம். அடிக்காவிட்டாலும் பயம். ஜூனில் பள்ளி திறந்தது. வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை பதில் சொல்லக் கை தூக்கினால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காரைத் தொடவே இல்லை. பஸ்ஸில் போய் வந்தாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் சிதம்பரத்துக்குப் போனாள். பிரீதாவின் அம்மா சாரதாம்பாள் காப்பி கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனதும், பிரிசில்லா பிரீதாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி, கை, முப்பதடி.

பிரீதா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் பின்னாடி திரும்பித்தான் உக்காந்திருந்தேன்க்கா," என்றாள். "உங்களுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன். அவா சந்துலேர்ந்து வர்றது தெரிஞ்சுது. தெரிஞ்சும்தான் சீட்டைத் தட்டினேன். நீங்க எங்க நிறுத்திடுவேளோன்னு பயம்." அழுகையில் மூச்சு இழுத்தது. "அப்பா தினமும் உங்களைப் பத்திப் பெருமையாச் சொல்றா. எனக்குக் காதைப் பொத்திக்கணும் போல இருக்கு."

பிரிசில்லாவுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள், இரண்டு பேரும் போயிருக்கிறார்கள். அது இன்னும் பயங்கரமாகத்தான் இருந்தது.

"வா, அவங்ககிட்டப் போய்ச் சொல்லிடலாம்," என்றாள்.

அன்று மதியமே குடிகாட்டு நிறுத்தத்தில் இறங்கினார்கள். முட்டைக்கோஸ் நாற்றம் வந்தது. பிரீதா துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். இரண்டு பேருக்கும் கால் எடுத்து வைக்க வெகுநேரம் ஆனது.

கதவைத் திறந்தது மாரியம்மாள். இடது கண்ணில் வெள்ளையாகப் படலம் படர்ந்திருந்தது. யார் என்று அடையாளம் காணத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"டீச்சரம்மாவா?" என்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

பிரிசில்லா வாசலிலேயே நின்று சொன்னாள். பிரீதாவும் சொன்னாள். மாரியம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஆடு ரெண்டும் செத்துப்போச்சி," என்றாள் கடைசியில். "அவுத்து விட்டும் செத்துப்போச்சி. நான் ஆட்டுக்குப் போவாம இருந்தா நாலு பேரும் ஒண்ணாப் போயிருப்போம். அத நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?" கதவிலிருந்து கையை எடுத்தாள். "உங்க மேல எனக்குக் கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்மா. ஜாஸ்தியா இருக்கு. ராத்திரியெல்லாம் திட்டுறேன். வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க."

செல்வன் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. அன்று விட்டுப் போன பியானோ, மேலே போர்வை போர்த்தி, அதே இடத்தில் இருந்தது.

"பொய் சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே உங்க சகவாசத்த விட்டிருப்பேன் டீச்சர்," என்றான் செல்வன். "சிதம்பரத்துல மறுபடி தேதி கேக்கறாங்க. வாசிக்கலாம். ஆனா இத நான் மறந்துட்டேன்னு மட்டும் நெனச்சிக்காதீங்க."

ஜூலை முதல் சனிக்கிழமை மாலை, சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட அரங்கம். அறுபது பேர் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் பஞ்சநாதமும் சாரதாம்பாளும். அவர்கள் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட மாரியம்மாள்.

இரண்டாம் பகுதியின் நடுவில் ஓர் இடம் உண்டு. பியானோவும் வயலினும் நின்றுவிடும். செல்லோ மட்டும் தனியாகத் தொடங்க வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது அதை வாசிப்பவர் விருப்பம். பிரிசில்லா கட்டையிலிருந்து விரலை எடுத்தாள். அமைதி. செல்வன் வில்லைத் தந்தியின் மேல் வைத்தான். இழுக்கவில்லை.

ஒத்திகையில் இவ்வளவு நேரம் விட்டதில்லை. பிரீதாவின் தோள் விறைத்திருப்பது தெரிந்தது. அவன் தொடங்கப் போவதில்லை. எழுந்து போய்விடுவான். இத்தனை பேருக்கு முன்னால் எங்களை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவான். பிரிசில்லா அவனையே பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொள்ளக் கூடாது என்று மட்டும் தோன்றியது. எழுந்து போனாலும் கடைசிவரை பார்க்க வேண்டும்.

செல்வன் வில்லை இழுத்தான். முதல் ஸ்வரம் மிகத் தணிவாக, கொஞ்சம் உடைந்து வந்தது. பிறகு சரியானது.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் இருந்த வகுப்பறையில் மூன்று பேரும் மாணவர்களின் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். செல்வன் கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"வேணும்னு நிறுத்தல டீச்சர்," என்றான். "கண்ண மூடுனேன். அந்த வெள்ளதான் வந்துச்சி. கை நகரவே இல்ல. பயந்துட்டேன்."

பிரீதா தண்ணீர் பாட்டிலை அவனிடம் நீட்டினாள். அவன் குடித்துவிட்டு பிரிசில்லாவிடம் கொடுத்தான். வெளியே பஞ்சநாதம் யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். அரங்கத்தைப் பூட்ட வேண்டும் என்று வாட்ச்மேன் வந்து சொல்லும் வரை மூவரும் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.